அண்ணையின் விங்-டிக்குள் ஒப்ஷன் வந்த கதை

செப்ரெம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை முற்பகல். கனடாவின் பிரெஞ்சுப் பக்கத்துச் செயின்ட்-மிஷேலில், பழைய கல்லுடைப்புப் பள்ளத்தை மூடிப் பூங்காவாக்கிய இடத்துக்குப் பக்கத்துத் திடல். முதல் நாள் பெய்த மழையில் புல் ஊறிப்போயிருந்தது. பெடியளின் சப்பாத்துகளில் சேறும், தலைக்கவசங்களுக்குள்ளிருந்து அந்தப் புளித்த வியர்வை மணமும். எங்கள் அணிக்கு அது கடைசி முயற்சி. இன்னும் ஓர் எட்டுத் தூரம் முன்னேறினால் பந்து எங்களிடமே இருக்கும்.

கெவின் ஓடிவந்து, எங்கள் கோச்சான என் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றான். தடித்த உடம்பும் குழந்தை முகமுமாக இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அடுத்து என்ன விளையாடுவது என்று கோச்சிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சொல்வது அவன் வேலை. அண்ணை வழக்கம்போல அவன் தோளில் கையைப் போட்டுக் குனிந்தார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

"கோச்?" என்றான் கெவின்.

அண்ணை என்னைப் பார்த்தார். என்ன வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். "அது... தங்கச்சி, அந்த... அது" என்றார். நான் சொல்லை எடுத்துக் கொடுப்பதற்குள் நடுவர் ஊதிவிட்டார். நேரம் கடத்தியதற்காக எங்களைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கெவின் தான்தான் ஏதோ பிழை விட்டதாக நினைத்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பெற்றோர், கோச் நன்றாக யோசிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். டொக்டர் சொன்னது எனக்கும் மச்சாளுக்கும் மட்டும்தான் தெரியும். மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. அண்ணையின் மூளையில் சொற்கள் இருக்கிற பக்கம் மெல்ல மெல்ல வாடிக்கொண்டு போகிறது. ஆட்களை மறக்கமாட்டார், வழியை மறக்கமாட்டார், விளையாட்டை மறக்கமாட்டார். சொல் மட்டும் போய்விடும். முதலில் பெயர்கள், பிறகு மற்றவை.

அண்ணை இப்போது கதைப்பதே இல்லை. அவர் கதைத்த கடைசி இலையுதிர்காலத்தைப் பற்றித்தான் இந்தக் கிழமை எழுதுகிறேன். அந்தக் காலம் முழுக்க எனக்கு இருந்தது ஒரே ஓர் எண்ணம். அந்தப் பருவம் முடியும்வரை அவரைத் திடலின் ஓரத்தில் கோச்சாகவே நிறுத்திவைக்க வேண்டும்.

பிட்டு, இடியப்பம், சொதி

இந்தத் தொடரில் தையல் தொழிற்சாலையைப் பற்றி எழுதினேன், என் முதல் பனிக்காலத்தைப் பற்றி எழுதினேன், மாமியாரோடு சண்டை பிடித்ததைக்கூட எழுதினேன். புட்போலை மட்டும் தட்டிக்கழித்தே வந்தேன். ஏனென்று இப்போது விளங்கியிருக்கும்.

காலால் உதைக்கிற உதைபந்து அல்ல. தலைக்கவசமும் தோளில் மெத்தையும் போட்டுக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற புட்போல். கனடா விதிப்படி மூன்று முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்தை மற்றவனிடம் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. மிச்சமெல்லாம் ஆளை ஆள் மறிப்பதும் தள்ளுவதும்.

அண்ணை துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டியவர். வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தபோது, அங்கே இருந்த இத்தாலியக் கிழவர் ஒருவர் அவரைப் பந்து பொறுக்கக் கூப்பிட்டார். பந்து பொறுக்கப் போனவர் கோச்சாகிவிட்டார். கிழவர் விளையாடியது விங்-டி என்கிற பழைய முறை. பலசாலிகள் தேவையில்லை, கள்ளத்தனம்தான் தேவை. மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பக்கம் ஓடுவார்கள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஓடுவார்கள். பந்து யாரிடம் என்று எதிரணிக்குத் தெரியாது. தெரியவரும்போது அவன் போய்விட்டிருப்பான்.

மற்ற அணிக்கு விளங்கக்கூடாது என்பதற்காகக் கிழவர் கட்டளைகளைத் தன் ஊர் மொழியில் சொல்வாராம். கிழவருக்குப் பிறகு அண்ணை அவற்றைத் தமிழாக்கினார். அதுவும் எப்படி? எல்லாரும் வளைந்து ஒரு பக்கம் குவிந்து ஓடினால் பிட்டு. நடுவால் பிழிந்துகொண்டு வெளியே வந்தால் இடியப்பம். பந்தைத் தலைக்கு மேலால் ஊற்றுகிற மாதிரி எறிந்தால் சொதி. மூன்றும் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். ஹெயிட்டிப் பிள்ளைகளும் அல்ஜீரியப் பிள்ளைகளும் "கோஷ் பித்து, கோஷ் பித்து" என்று இடப்பக்கப் பிட்டைக் கத்திக்கொண்டு ஓடுவதைக் கேட்டால் சிரிப்பு அடங்காது. ஒருமுறை நடுவர் ஒருவர் அது கெட்ட வார்த்தையா என்று என்னிடம் வந்து விசாரித்தார்.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து விளையாடியதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. என் மூத்தவனை விளையாட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காருக்குள் குளிரில் இருப்பேன். "அதுக்குள்ளை இருந்து விறைக்காமல் வந்து இவங்களைக் கொஞ்சம் பார்" என்றார் அண்ணை. முன்வரிசையில் மறிக்கிறவர்களை என்னிடம் தந்தார். மகன் விளையாட்டை விட்டு, படித்து, கல்யாணமும் முடித்துவிட்டான். நான் இன்னும் ஊதியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். என் பெடியளுக்கு நான் படிப்பித்தது ஒரே ஒரு பாடம்: ஒருத்தனையும் விடாதே.

பிரெஞ்சில் கெட்டிக்காரர் யார்?

எல்லாரும் கேட்பது, இந்த நோயை முன்னரே கவனிக்கவில்லையா என்று. கவனித்தோம். ஆனால் எங்களைப் போன்ற ஆட்கள் மட்டும் விடக்கூடிய ஒரு பிழையை விட்டோம்.

அண்ணை கடையில் ஒரு சாமானின் பெயர் வராமல் "அந்த ஷோஸ், அந்த ஷோஸ்" என்று, அதாவது அந்தச் சாமான் என்று பிரெஞ்சில் சொல்லி, விரலால் காட்டுவார். இங்கே வந்த எங்களில் யார் அப்படிக் காட்டாதவர்? துறைமுகத்தில் ஏதோ சொல்லவந்து நடுவில் நின்றுபோனால், பிரெஞ்சு வரவில்லை என்று பிரெஞ்சுக்காரன் நினைத்தான். ஆங்கிலத்தில் நின்றுபோனால், இவர் பிரெஞ்சு ஆள் என்று ஆங்கிலேயன் நினைத்தான். வீட்டில் தமிழில் நின்றுபோனபோது, பாவம், நாளெல்லாம் இரண்டு மொழியில் மாரடித்துக் களைத்துப்போய் வருகிறார் என்று நாங்கள் நினைத்தோம். மூன்று மொழிக்குள் ஒரு வருத்தம் ஒளிந்திருக்க நல்ல வசதி.

முதல் சோதனையில் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்களாம். பாதிக்கு மேல் பிழை. மச்சாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிரெஞ்சு தெரியாததை வருத்தம் எண்டு சொல்லுறாங்கள். தமிழிலை கேட்டுப் பாக்கச் சொல்லு" என்றார். சரி என்று தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு இன்னொரு நாள் தந்தார்கள். அன்று நானும் போனேன். பெரிய நம்பிக்கையோடு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சீப்புப் படத்தைக் காட்டினார்கள். அண்ணை தலையைச் சீவுவது போலக் கையைக் காட்டினார். ஏணியைக் காட்டினார்கள். ஏறுவது போலக் காட்டினார். குடையைக் காட்டியபோது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வெட்கச் சிரிப்பு. மொழிபெயர்க்க வந்த பெண் பிள்ளை குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சாள் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அந்தக் குடையைப் பிடுங்கிக் கிழித்தெறியலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர் ஒருவர் "என்ன நேசன், சுகமோ?" என்று கேட்டார். அண்ணை தலையை மட்டும் ஆட்டினார். கோச்சாகிவிட்டார், தலைக்கனம் வந்துவிட்டது என்று சாப்பாட்டு மேசையில் கதை நடந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வடையைத் தின்றேன். வருத்தத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது அண்ணையின் கட்டளை. சொன்னால் கழகத்தில் கை தட்டி, ஒரு கேடயம் கொடுத்து, அடுத்த சனிக்கிழமையே வீட்டில் இருத்திவிடுவார்கள். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

வாசலில் சப்பாத்துகள்

நேரம் கடத்தியதற்குத் தண்டனை வாங்கிய அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், நான் அண்ணை வீட்டுக்குப் போனேன். மச்சாளின் ஆட்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் புரோசார்ட்டிலிருந்து வந்து உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணையை வாசலுக்குக் கூட்டிவந்தேன்.

"அண்ணை, ஒப்ஷனைப் போடுவம்."

அவர் தலையைப் பலமாக ஆட்டி மறுத்தார். இது எங்களுக்குள் பழைய சண்டை. நான் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ரிவியில் பார்த்துப் பார்த்து, இதை எங்கள் விங்-டியில் சேர்ப்போம் என்று வருடக்கணக்காக அரித்துவந்தேன். அவர் கேட்கவில்லை. விங்-டியில் எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். யார் ஓடுவது, யார் ஏமாற்றுவது, எல்லாம் கோச் சொல்வதுதான். ஒப்ஷனில் அப்படியில்லை. எதிரணியின் ஓரத்தில் நிற்கிற ஓர் ஆளை வேண்டுமென்றே ஒருவரும் மறிக்காமல் விடுவார்கள். எங்கள் குவாட்டர்பேக், அதாவது பந்தை முதலில் கையில் வாங்குகிறவன், அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே ஓடுவான். அந்த ஆள் இவன்மேல் பாய்ந்தால், பக்கத்தில் ஓடி வருகிறவனுக்குப் பந்தை எறிந்துவிட்டு அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். பாயாமல் நின்றால் தானே பந்தோடு ஓடிவிட வேண்டும். முடிவு ஓடுகிற ஓட்டத்தில் அவனுடையது. பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டுக் கோச் சும்மா நிற்கிற விளையாட்டு என்று அண்ணை இதை ஏசுவார்.

"சூ... சூ..." என்றார்.

"சூதாட்டம் எண்டுறியளோ?"

"ஓம்."

"இருக்கட்டும். ஆனால் இதுக்கு நீங்கள் கனக்கச் சொல்லத் தேவையில்லை அண்ணை. வலப்பக்கமெண்டால் வலக்கையைத் தூக்குங்கோ. இடப்பக்கமெண்டால் இடக்கை. மிச்சத்தை வூட்லி பாப்பான்."

வூட்லி எங்கள் குவாட்டர்பேக். ஹெயிட்டிப் பிள்ளை, மெலிந்த கால்கள், சத்தம் போட்டுச் சிரிக்கமாட்டான்.

அண்ணை என்னை நெடுநேரம் பார்த்தார். "எனக்காகவோ?" என்றார். அந்தச் சொல் மட்டும் தடக்காமல் வந்தது.

"ஓம். உங்களுக்காகத்தான்."

அவரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் மறுபக்கம் திரும்பி நின்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மெல்லக் குனிந்து, வாசலில் விருந்தாளிகள் கழற்றி வைத்திருந்த சப்பாத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கத் தொடங்கினார்.

நானும் பக்கத்தில் குந்தினேன். ஐந்து கறுப்புச் சப்பாத்துகள் முன்வரிசை. மச்சாளின் தம்பியுடைய விலைகூடிய தோல் சப்பாத்து வூட்லி. ஒரு குழந்தையின் இளஞ்சிவப்புச் செருப்பு, மறிக்காமல் விடப்படுகிற அந்த ஓரத்து ஆள். நான் ரிவியில் பார்த்தபடி நகர்த்திக் காட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தார். பிட்டுக்கு ஓடுகிற மாதிரியே முன்வரிசையிலிருந்து இரண்டு சப்பாத்துகளை வளைத்து இழுத்தார். அதே தொடக்கம், அதே வளைவு. எதிரணி பிட்டு என்று நினைத்துக் குவியும். அந்த நேரம் தோல் சப்பாத்து உள்ளே வெட்டி, இளஞ்சிவப்புச் செருப்பை நோக்கி ஓடும்.

நான் கொண்டுவந்தது ஒப்ஷன். அவர் அதை எங்கள் விங்-டிக்குள்ளேயே பொருத்திவிட்டார். ஒரு சொல்கூட இல்லாமல் செய்தார். சந்தோஷத்தில் அவர் கண்கள் பளபளத்ததை நான் மறக்கமாட்டேன். வருத்தம் வந்த பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

"அத்தான், நான் வெளிக்கிடவேணும்" என்று பின்னால் குரல் கேட்டது. மச்சாளின் தம்பி காலுறையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

விடு, அவனை விடு

பெடியளுக்குப் படிப்பிப்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. அதிலும் என் ஆட்கள்தான் மோசம்.

கெவின் வளைந்து ஓடுவான். அந்த ஓரத்து ஆளைக் கண்டதும் கை தானாகப் போய்விடும். மறித்துத் தள்ளிவிட்டு, பாராட்டுக்காக என்னைப் பார்ப்பான்.

"விடு, அவனை விடு எண்டெல்லோ சொன்னனான்!"

"அன்ரி, நீங்கள்தானே ஒருத்தனையும் விடாதை எண்டனீங்கள்?"

"எண்டனான்தான். இப்ப விடச் சொல்லுறன்."

"அவன் வந்து வூட்லிக்கு அடிப்பான்."

"அடிப்பான். அது வூட்லிக்கும் தெரியும். நீ பேசாமல் அவனைத் தாண்டிப் போ."

அவனுக்கு அழுகை வராத குறை. இதை வைத்து நான் ஏதாவது தத்துவம் சொல்லுவேன் என்று நீங்கள் காத்திருந்தால், மன்னிக்க வேண்டும். தத்துவம் யோசிக்கிற நிலைமையில் நான் இருக்கவில்லை. நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து தேநீரில் தேன் விட்டுக் குடித்தேன்.

வூட்லிக்கு வேறு பிரச்சினை. அவன் ஓடத் தொடங்குவான். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் தலையைத் திருப்பி, என்ன செய்யட்டும் என்பது போல அண்ணையைப் பார்ப்பான். இத்தனை காலமும் அண்ணை சொல்லித்தானே விளையாடியவன்? பார்க்கிற அந்த இடைவெளியில் அடி விழும். மூன்று நான்கு தடவை இப்படி விழுந்து எழும்பினான்.

அண்ணை உள்ளே நடந்து போனார். வூட்லியின் தலைக்கவசத்தின் முன்கம்பியைப் பிடித்தார். தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை மெல்லத் திருப்பி, ஓரத்து ஆளின் பக்கம் வைத்தார். பிறகு விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதற்கு அடுத்த தடவையும் வூட்லி இவரைத்தான் பார்த்தான். இவர் மறுபடியும் போனார், மறுபடியும் திருப்பினார். அன்று பின்னேரம் முழுவதும் அவர் செய்தது அந்த ஒரு வேலைதான்.

"அப்ப அவர் என்னத்துக்கு?"

ஒக்ரோபரில் எங்கள் அணி பிடிக்கமுடியாத அணியாகிவிட்டது. பிட்டு என்று நினைத்துக் குவிந்தால் வூட்லி உள்ளால் போய்விடுவான். அவனைப் பிடிக்க வந்தால் பந்து வெளியால் போய்விடும். அண்ணை வலக்கையைத் தூக்குவார், அல்லது இடக்கையைத் தூக்குவார். அவ்வளவுதான். கெவினும் இப்போது ஓரத்து ஆளைப் பார்க்காதது போலத் தாண்டிப் போகப் பழகிவிட்டான்.

என் திட்டம் பலித்தது என்று நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். திடலின் ஓரத்தில் அண்ணை கம்பீரமாக நின்றார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இப்படியே நவம்பர்வரை ஓட்டிவிடலாம்.

ஒரு சனிக்கிழமை இடைவேளையில் கெவினின் தகப்பன் குகன் கோப்பிக் கோப்பையோடு கயிற்றருகே வந்தார். நல்ல மனுசன். ஒவ்வொரு விளையாட்டுக்கும் பெடியளுக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு வருகிறவர்.

"அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதையுங்கோ" என்றார். "நேசன் அண்ணை இப்ப வாயே திறக்கிறேல்லை. பெடியள் தாங்களே பாத்து விளையாடுறாங்கள். அப்ப அவர் என்னத்துக்கு? நீங்களே பாத்துக்கொள்ளலாமே. வயசுபோன மனுசன், குளிருக்குள்ளை நிக்கிறார்."

அதில் துவேஷம் ஒன்றும் இல்லை. அக்கறையோடுதான் கேட்டார். "அவர் இல்லாமல் ஒண்டும் நடக்காது தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அண்ணை இரண்டடி தள்ளித் தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சொல் போனவருக்குக் காது போகவில்லை. அவர் குகனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. போத்தல்களை அடுக்கி முடித்துவிட்டு, கலைத்து, மறுபடியும் அடுக்கினார்.

அவரை அங்கே நிறுத்திவைக்க நான் கொண்டுவந்த அதே ஒப்ஷன்தான், அவர் அங்கே தேவையில்லை என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவருக்கு வாசலில் சப்பாத்து அடுக்கிய நாளிலேயே தோன்றியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பருவத்தின் கடைசி விளையாட்டு புரோசார்ட்டில். வானம் ஈயம் போலக் கிடந்தது, ஆற்றுப் பக்கமிருந்து வெட்டுகிற காற்று. பெடியள் மூச்சு விட்டால் தலைக்கவசத்துக்குள்ளிருந்து புகை வந்தது. முதல் பாதி முழுக்க அண்ணை கை காட்டினார். வலம், இடம், இடம், வலம். நாங்கள் கொஞ்சம் பின்தங்கியிருந்தோம்.

இரண்டாம் பாதியில் நான் என் முன்வரிசைப் பெடியன் ஒருவனைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தேன். கெவின் ஓடிவந்து, வழக்கமாக அண்ணை நிற்கிற இடத்தில் நின்றான்.

"அன்ரி, கோச் எங்கை?"

திரும்பினேன். அண்ணை நின்ற இடத்தில் மிதிபட்ட புல்தான் இருந்தது. கழிப்பறைக்குப் போயிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கண்டேன். அவர் கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய், பெற்றோர் கூட்டத்துக்குள், குகனுக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு கைகளும் ஜாக்கெட் பைகளுக்குள்.

"அண்ணை!" என்று கத்தினேன். அவர் முகவாயால் திடலைக் காட்டினார். அங்கே பார் என்று.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவரைக் கையில் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் எப்படி இழுப்பது? பெடியள் வரிசையில் நின்று காத்திருந்தார்கள். நான் வலக்கையைத் தூக்கினேன்.

வூட்லி பந்தை வாங்கினான். எல்லாரும் பிட்டுக்கு வளைந்தார்கள். கெவின் ஓரத்து ஆளைத் தொடாமல் தாண்டினான். அந்த ஆள் நேரே வூட்லியின் நெஞ்சை நோக்கி வந்தான். வூட்லி கண்ணெடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு ஓடி, கடைசிக் கணத்தில் பந்தைப் பக்கவாட்டில் எறிந்துவிட்டு அடியை வாங்கி மல்லாந்து விழுந்தான். பந்தை வாங்கியவன் வெளியால் ஓடினான். ஓடினான், ஓடினான், கோட்டைத் தாண்டிவிட்டான்.

ஒரே ஆரவாரம். குகன் கோப்பியைச் சிந்திக்கொண்டு அண்ணையைக் கட்டிப்பிடித்தார். பெடியள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்தார்கள். கோச் எங்கே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வென்றோம். படம் எடுக்க அண்ணையைத் தேடிக் கூட்டிவந்தார்கள். வூட்லி அவருக்குப் பக்கத்தில் நிற்க இடம் பிடித்தான். அவர் எல்லாப் பெடியளின் தலையிலும் தட்டிக்கொடுத்தார். எனக்கு மட்டும் வென்றதில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை. யாராவது ஏதாவது கேட்டால் அழுதுவிடுவேன் என்று தலைக்கவசங்களைப் பைகளுக்குள் போட்டுக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. நான்தான் ஓட்டினேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"ஏன் போனனீங்கள்? அரை விளையாட்டுத்தானே மிச்சம் இருந்தது. அதுக்குள்ளை என்ன அவசரம்? நான் இவ்வளவு பாடுபட்டது என்னத்துக்கு?"

அவர் பதில் சொல்லப் பார்த்தார். நான் பொறுத்திருந்தேன். பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"அவங்கள்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "என்னை..." என்றார். பிறகு முகத்தைச் சுளித்து, உள்ளே எங்கிருந்தோ இழுத்து எடுப்பது போல, "பாக்கேல்லை."

அவங்கள் என்னைப் பாக்கேல்லை.

"ஓம் அண்ணை, ஒருத்தனும் பாக்கேல்லை" என்றேன். "அதைச் சந்தோஷமாய்ச் சொல்லுறியளோ, துக்கமாய்ச் சொல்லுறியளோ?"

அவர் வாயைத் திறந்தார். தேடினார். பாலம் முடிந்து, நெடுஞ்சாலை ஏறி, செயின்ட்-மிஷேலுக்குத் திரும்புகிறவரையும் தேடிக்கொண்டே இருந்தார். வழக்கமாக அவருக்கு வராத சொல்லை நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அன்று அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொடுக்க என்னிடமும் ஒன்றும் இருக்கவில்லை.